கொல்லையின் மாதங்கள்: மயிலைக் கடற்கரையில் வீட்டுத் தோட்டத்தின் வரலாறு

சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே, கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நீளும் நொச்சிக்குப்பத்திலிருந்து மயிலாப்பூர் மாடவீதிகளுக்கு நடந்தே சென்றுவிடலாம் என்றாலும், செடி வைப்பவரைப் பொறுத்தவரை அந்தச் சிறு தொலைவுக்குள் நிலத்தின் குணமே மாறிவிடுகிறது. கரையில் இருப்பது நீரைப் பிடித்துவைக்காத வெறும் மணல். கோயிலைச் சுற்றியிருப்பது, பல தலைமுறைகளின் அடுப்புச் சாம்பலும் சாணமும் சருகும் சேர்ந்து கறுத்துப்போன மணற்பாங்கான மண். அதற்கும் மேற்கே, 1920களில் பழைய நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்த இடத்தில் இருப்பது ஏரிப்படுகையின் களி. இப்பகுதியின் தோட்டங்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளின் தோட்ட வீடுகளையும் அவற்றின் புல்வெளிகளையும் பற்றியே எழுதியிருக்கிறார்கள். கிணற்றடியையும் கொல்லைப்புறத்தையும் பொருட்படுத்தியவர்கள் குறைவு. ஆயினும் இந்தக் கரையில் எந்த மாதத்தில் எதை நடுவது, எதை வெட்டுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதை முதலில் தீர்த்துவைத்தது அந்தக் கொல்லைதான். பின்னால் வந்த பங்களாத் தோட்டமும் மாடித் தோட்டமும் அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க நேர்ந்தது.

பாடத்தின் அடிப்படை மழை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் சுமார் அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. நாட்டின் பெரும்பகுதி ஆனியிலேயே நனைந்துவிடும்போது இந்தக் கரை வெயிலில் காய்கிறது. ஆடி, ஆவணி மாதங்களில் மாலை இடியோடு அவ்வப்போது வந்துபோகும் மழைதான் நிலத்தை முதலில் இளக்குகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் அடைமழை. ‘பட்டம்’ என்று உழவர்கள் சொல்லும் விதைப்புப் பருவம் இந்த இடைவெளியைக் கணக்கிட்டே அமைந்தது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி வயலுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு கொல்லைக்கும் பொருந்தும்: ஆடியில் ஊன்றிய அவரை, புடல், பீர்க்கு, பாகல், சுரை, பூசணி ஆகியவை மூன்று மாதத்துக்குள் வேர் பிடித்துப் பந்தலேறி நின்றுவிடுவதால், அடைமழை வரும்போது அவற்றுக்குச் சேதம் குறைவு, அதே விதையை ஐப்பசியில் ஊன்றினால், நீர் தேங்கிய பாத்தியில் முளைவிடும் முன்பே அழுகிப்போகும்.

அவரைக்கு இதைத் தவிர வேறொரு காரணமும் இருந்தது. பழைய பந்தல் அவரை வகைகள் பகல்பொழுது குறுகிய பின்பே பூக்கும் இயல்புடையவை. தையில் ஊன்றினால் கோடை முழுவதும் கொடியும் இலையுமாகப் படர்ந்து, காயே காட்டாமல் நின்றுவிடும். ஒளியின் கால அளவு செடியின் பூப்பை ஆளுகிறது என்பதைத் தாவரவியல் 1920ஆம் ஆண்டையொட்டித்தான் முறையாக நிறுவியது. கொல்லையில் விதை ஊன்றிய பெண்கள் காரணத்தைத் தேடாமல் மாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கூரையோரம் கட்டித் தொங்கவிட்ட சுரைக்குடுக்கையில், சாம்பலில் புரட்டிய விதைகள் அடுத்த ஆடிக்காகக் காத்திருந்தன.

மயிலாப்பூரின் பழைய வீடு தெருவில் திண்ணையாகத் தொடங்கி, ரேழி என்னும் இடைகழியையும் முற்றத்தையும் கடந்து, கொல்லையில் முடியும் நீண்ட அமைப்புடையது. கொல்லையில் கிணறும் அதையொட்டித் துவைக்கிற கல்லும் இருக்கும். சற்றுத் தள்ளி மாட்டுக்கொட்டில். செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்குக் குழாய் நீர் வந்தது 1872இல்தான். அதற்குமுன் வீட்டின் நீர் முழுவதும் கிணற்றிலிருந்து வந்தது, கொல்லைக்கே திரும்பியும் சென்றது. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சிறு வாய்க்காலில் ஓடி முதலில் வாழையின் அடியை அடையும். வாழையைத் தாண்டிய மிச்சம் கருணைக்கும் சேம்புக்கும் போகும். வாய்க்காலிலிருந்து விலகி, ஈரம் தேங்காத மேட்டில் கறிவேப்பிலையும் முருங்கையும் நிற்கும். எந்தச் செடி எங்கே என்பதை நீரோட்டமே முடிவு செய்தது. அரிசி களைந்த நீர் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் உரியது. புளித்த மோரும் அவ்வப்போது கறிவேப்பிலைக்குப் போகும். விறகடுப்பின் சாம்பலை விடியற்காலைப் பனி காய்வதற்குள் அவரைக்கொடியின் நுனிகளில் தூவுவார்கள். தளிரில் அப்பிக்கொண்டு சாறுறிஞ்சும் அசுவினிக்கு அதுவே மருந்து, பனி ஈரம் இருந்தால்தான் சாம்பல் ஒட்டும் என்பதால் நேரமும் முக்கியம். வீட்டின் கழிவு என்று இன்று பெயர்பெறும் எதுவும் அந்த அமைப்பில் கழிவாக இருக்கவில்லை. மயிலாப்பூர்க் கொல்லையின் செழிப்புக்கு மண்ணைவிட வீட்டு வேலையின் ஒழுங்கே பெரிய காரணம் என்று சொல்வதில் மிகையில்லை.

இந்தக் கொல்லையில் ‘நம்முடையவை’ என்று நினைக்கப்படும் செடிகளில் பல கடல் வழியே வந்தவை. 1520களில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேறிய காலமும், மிளகாய், பப்பாளி, கொய்யா, அன்னாசி முதலிய அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் அவர்களுடைய கப்பல்களின் வழியே இந்தியக் கரைகளில் பரவிய காலமும் ஒன்றே. கிணற்றடிப் பப்பாளியும் வேலியோரக் கொய்யாவும் இல்லாத மயிலாப்பூர்க் கொல்லையை எண்ணிப் பார்ப்பது இன்று கடினம்.

குப்பத்தின் முற்றம் வேறு வகை. அங்கே வீட்டு முன்றில் என்பது வலை காயவும் கருவாடு உலரவும் வேண்டிய வெளி. செடி வைத்து அதை அடைப்பது தொழிலுக்கு இடையூறு. உப்புக் காற்று இலையைக் கருக்கும். மணலில் சற்று ஆழமாகத் தோண்டினாலே நன்னீரைத் தாண்டி உவர்நீர் வந்துவிடும். ஆகவே மீனவர் குடியிருப்பின் தாவரங்கள் காய்கறிகளாக இல்லாமல், காற்றையும் மணலையும் தாங்கும் மரங்களாகவும் புதர்களாகவும் இருந்தன: தென்னை, பூவரசு, புன்னை, நொச்சி; அவற்றுக்கு அப்பால், அலை தொடும் தூரத்தில், மணலைப் பிடித்துவைக்கும் அடும்பும் இராவணன் மீசையும். இவற்றுள் புன்னைக்கு இரட்டை வாழ்க்கை உண்டு. அதன் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெய் மரப்படகுகளுக்குப் பூசப்பட்டது. அதே மரம் கபாலீசுவரர் கோயிலின் தலமரமாகவும் நிற்கிறது. கடற்கரை மண்ணுக்கே உரிய ஒரு மரம் கோயிலுக்குள் வணங்கப்படுவது, மயிலாப்பூர் முதலில் ஒரு கடற்கரை ஊர் என்பதை எந்தக் கல்வெட்டுக்கும் குறையாமல் சொல்கிறது.

குப்பத்துக்குப் பெயர் தந்த நொச்சி, பராமரிப்பே கேட்காத செடி. மழைக்கு முன் ஒரு போத்தை, அதாவது முற்றிய கிளைத்துண்டை, வெட்டி மண்ணில் சாய்வாக ஊன்றினால் போதும். ஆடு மாடு கடிக்காது, உவர் மண்ணையும் ஓரளவு தாங்கும். அதன் இலையைப் புகையிட்டுக் கொசு விரட்டினார்கள். சளிக்கு வெந்நீரிலிட்டு ஆவி பிடித்தார்கள். தானியக் குதிரில் உலர்ந்த இலையைப் போட்டு வண்டு வராமல் காத்தார்கள். வேலிக்கு ஆடாதொடையும் கிளுவையும் இதேபோல் போத்து ஊன்றி வளர்க்கப்பட்டவை. வேலி அடைப்பது ஆடி, ஆவணி வேலை. வேலியைக் கழிப்பது தை, மாசி வேலை. கழித்த தழை எருக்குழிக்கும் அடுப்புக்கும் பங்கிடப்படும்.

இந்த உயிர்வேலிகளின் வரலாற்றில் சென்னைக்கு விசித்திரமான ஓர் அத்தியாயம் உண்டு. கும்பினியின் மருத்துவ அதிகாரியாகச் சென்னையில் இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1780களின் இறுதியில், அடையாற்றின் கரையையொட்டிய சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் ஒன்றை அமைக்கச் செய்தார். கள்ளியின் சாற்றைக் குடித்து வாழும் கொச்சினீல் என்னும் செதில் பூச்சியை உலர்த்தினால் உயர்ந்த செஞ்சாயம் கிடைக்கும். மெக்சிகோவின் வழியே அந்த வணிகம் முழுவதும் ஸ்பெயினின் கையில் இருந்தது. அதை உடைப்பதே நோக்கம். 1795இல் பிரேசிலிலிருந்து வங்கத்துக்கு வந்துசேர்ந்த பூச்சி, சாயத்துக்குரிய நல்ல இனம் அல்ல, அதன் காட்டு உறவு. சாயம் தேறவில்லை, சைதாப்பேட்டைத் தோட்டமும் 1800ஐ ஒட்டிக் கைவிடப்பட்டது. ஆனால் அந்தத் தவறான பூச்சி கள்ளியைத் தின்பதில் மட்டும் குறை வைக்கவில்லை. வட இந்தியாவில் வேலிகளை மீறிப் பரவியிருந்த ஒரு கள்ளி இனத்தை அது அழித்ததைக் கண்டு, 1836–38இல் அதைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள்; களையைப் பூச்சியால் அடக்கும் முறைக்கு உலகில் பதிவான மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. அந்த இனம் ஒழிந்த இடத்தில் வேறொரு கள்ளி இனம் படர்ந்து, சென்னை மாகாணமெங்கும் புறம்போக்கையும் கொல்லையையும் ஒருசேர அடைத்துக்கொண்டது. 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனம் வந்த பிறகே அது அடங்கியது. சாயத்துக்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து மாகாணத்தின் வேலியோரங்களுக்குக் கிடைத்த ஒரே பயன், யாரும் கேட்காத இந்தக் களையெடுப்புதான்.

களையைவிடக் கொல்லைக்காரரைக் கூடுதலாகச் சோதித்தது முருங்கை. மிக மெத்தென்ற மரம். ஐப்பசிக் காற்றுக்கு முதலில் முறிவது அதுதான். எனவே காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்து, அதாவது அளவோடு வெட்டிக் குறுக்கி, மழைக்குமுன் மரத்தைக் குட்டையாக்கிவிடுவது வழக்கம். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்ற பழமொழி இதைத்தான் சொல்கிறது. பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்லும் அதன் மறுபாதிக்குத் தோட்டக் கலையில் எந்த ஆதாரமும் இல்லை. மழை தொடங்கியதும் கம்பளிப்பூச்சி வரும். இரவில் மேலேறி இலையை மொட்டையாக்கும் அந்தப் புழுக்கள், பகலில் அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும். தொட்டால் அரிப்பும் தடிப்பும். நீண்ட கழியின் நுனியில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக் கொளுத்தி, அந்தப் பந்தத்தை அடிமரத்தில் விரைவாக ஓட்டிப் புழுக்களை மட்டும் பொசுக்குவதே பழைய வழி. ஒரே இடத்தில் நிறுத்தினால் பட்டை கருகி மரமே பட்டுவிடும். அருவருப்பான வேலைதான், ஆனால் அது பூச்சியின் பழக்கத்தை மிக நுட்பமாகக் கவனித்ததன் விளைவு.

வெயில் மாதங்களின் வேலை பெரும்பாலும் சுத்தம் செய்வது. சித்திரையில் நீர்மட்டம் இறங்கும்போது கிணற்றைத் தூர் வாருவார்கள். அள்ளிய சேறு காய்ந்ததும் தென்னையின் பாத்திக்குப் போகும். மே மாதத்தின் பெரும்பகுதியை விழுங்கும் கத்திரி வெயிலில், அதாவது அக்கினி நட்சத்திர நாட்களில், புதிதாக எதையும் நடமாட்டார்கள். இருக்கும் செடிகளின் அடியில் தென்னை மட்டையும் சருகும் போட்டு மூடாக்கு அமைத்து, பொழுது சாய்ந்த பின் நீர் விடுவார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் விழாக்களுக்குக் குப்பங்களிலும் மாடவீதிகளிலும் வேப்பங்கொத்துகள் கட்டுக்கட்டாக ஒடிக்கப்படும். புயல் பருவத்துக்கு மூன்று மாதம் முன்னதாக ஊரிலுள்ள வேம்புகளின் பாரம் குறைந்தது அம்மனின் அருளா, கவாத்தின் பயனா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தேவை எழவில்லை. புரட்டாசியில் மரமேறி வந்து முற்றிய தேங்காய்க் குலையையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிட்டுப் போவார். வாய்க்காலின் மடையும் அப்போதே சீராக்கப்படும்.

மார்கழியில் கவனம் கொல்லையிலிருந்து வாசலுக்கு மாறுகிறது. சாணம் தெளித்துக் கோலமிட்டு, நடுவில் சாண உருண்டை வைத்து அதில் பூசணிப்பூவைச் செருகுவது இப்பகுதியின் நெடுநாளைய வழக்கம். அந்தப் பூ தற்செயலாக வாய்த்ததல்ல; ஆடி, ஆவணியில் ஊன்றிய கொடி கார்த்திகை முடிவில் பூத்துக் குலுங்கும் நேரம் அது. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; அடியில் பிஞ்சு இல்லாத ஆண்பூக்களையே வாசலுக்குப் பறிப்பார்கள் என்பதால் காய்ப்பும் கெடாது. மார்கழியில் விதைத்தது முளைக்காது என்ற நம்பிக்கையைக் குளிரைக் காட்டி விளக்குவது இன்றைய வழக்கம். சென்னையில் டிசம்பர் மாதச் சராசரிக் குறைந்த வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போவதில்லை என்பதால் அந்த விளக்கம் இந்தக் கரைக்குப் பொருந்தாது. நனைந்து இறுகிய மண்ணும், அறுவடையை எதிர்பார்த்து நிற்கும் பயிரும், தையில் வரப்போகும் அடுத்த பட்டமும் சேர்ந்து அந்த மாதத்தை ஓய்வு மாதமாக்கியிருக்க வேண்டும்.

ஐரோப்பியர் இந்த அட்டவணையைக் கற்றுக்கொண்டது செலவு செய்துதான். 1835இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயர் அதன் பிறப்போடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இன்றைய கதீட்ரல் சாலையில் அமைந்த அதன் தோட்டத்தில் இருந்த செடிகளுக்கு 1853இல் இன்னொரு தாவரவியலாளரான ஹியூ கிளெக்கார்ன் ஓர் அட்டவணை வெளியிட்டார். சங்கம் விதைகளை வரவழைத்துப் பகிர்ந்தது. மலர், காய்கறிக் கண்காட்சிகளை நடத்தியது. அதன் உறுப்பினர்களுக்கு வேண்டியிருந்தவை கோசும் நூல்கோலும் காரட்டும் டர்னிப்பும். ஆனால் இங்கிலாந்தில் அவற்றுக்குரிய வசந்தம் சென்னையில் கோடையின் வாசல். ஆகவே அவை ஆண்டின் இறுதிக்குத் தள்ளப்பட்டன: கீற்றுப் பந்தலின் நிழலில் நாற்று விட்டு, அடைமழை தணிந்ததும் பாத்திக்கு மாற்றி, மாசி வெயில் ஏறும் முன் பறித்துவிட வேண்டும். சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கும்வரை விதைகள் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம் செய்து, கப்பலின் புழுக்கத்தில் பாதி உயிரிழந்து வந்தன. இந்தச் ‘சீமைக் காய்கறி’ப் பருவம் நெடுநாள் நிலைக்கவுமில்லை. பெங்களூருக்கு 1864இலும் நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்கு 1873இலும் ரயில் எட்டிய பின், மலைக் கோசு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியபோது, கொதிக்கும் மணலில் அதை வளர்ப்பதற்குரிய காரணம் தீர்ந்துபோனது. பங்களாத் தோட்டத்தில் மிஞ்சியவை புல்வெளியும் தொட்டிகளில் அணிவகுத்த குரோட்டன்ஸும் பூவாளியும். இவை தியாகராய நகரின் புதிய மனைகளுக்கும் குடிபெயர்ந்து, வீட்டின் முன்புறத்தில் அழகுக்கு ஒன்று, பின்புறத்தில் சமையலுக்கு ஒன்று என்று தோட்டத்தை இரண்டாகப் பிரித்தன. முன்புறத்துக்குத் தோட்டக்காரர் சம்பளத்துக்கு வந்தார். பின்புறம் வழக்கம்போல் வீட்டுப் பெண்களின் பொறுப்பாகவே நீடித்தது.

கொல்லையை முடித்துவைத்தது அடுக்குமாடி. 1970களிலிருந்து மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு ஃபிளாட்டுகளாக எழுந்தபோது, கிணறு மூடப்பட்டது, கொல்லையில் சிமென்ட் போட்டுக் கார் நிறுத்தினார்கள். குப்பத்துக்கும் அதே மாற்றம் வேறு வாசல் வழியாக வந்தது: 1970இல் அமைந்த குடிசை மாற்று வாரியம் நொச்சிக்குப்பத்தில் கட்டிய அடுக்குக் குடியிருப்புகள் கூரைக்கு உறுதி தந்தன, முன்றிலை எடுத்துக்கொண்டன. வலை காயும் வேலை சாலையோரத்துக்கும் மணலுக்கும் நகர, செடி மாடிப்படி ஓரத்துப் பெயின்ட் வாளிக்கு நகர்ந்தது. துளசி, கற்பூரவல்லி, கற்றாழை என்று உப்புக் காற்றுக்கு அஞ்சாதவையே அங்கே நின்றன. கொல்லை உறிஞ்சிய மழைநீர் சிமென்டில் ஓடித் தெருவில் சேர்ந்ததன் விளைவு நிலத்தடியில் தெரியவர, மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி அரசு 2003இல் சட்டம் கொண்டுவந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, அழகுக்காக நட்ட, ஆழ வேர் விடாத அயல் மரங்கள் அவற்றில் நிறைய இருந்தன. கொசுத் தொல்லைக்கு மாற்றாக 2010களில் மாநகராட்சி நொச்சிக் கன்றுகளை வழங்க முன்வந்தது.

மாடித் தோட்டம் அரசின் திட்டமாகவே வந்தது. 2013–14இல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற பெயரில் மானிய விலைத் தொகுப்புகள் வழங்கப்பட்டன: பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரங்கள். நார்க்கழிவு எடை குறைந்தது, நீரைப் பிடித்துவைக்கும். ஆனால் அதில் சத்து மிகக் குறைவு, எனவே கொல்லைக்கு இலவசமாகக் கிடைத்த சாணமும் சாம்பலும் இங்கே பொட்டலமாக விலைக்கு வாங்கப்படுகின்றன. தளத்தின் வெப்பம் கத்திரி வெயிலைக் கூட்டிக் காட்டுவதால் பச்சை நிழல்வலை இன்றியமையாததாகிவிட்டது. ஐப்பசி மழையில் பையின் அடித்துளை அடைபட்டால் செடி இரண்டே நாளில் வாடிவிடும். முதல் ஆண்டு பொங்கல் கழிந்த கையோடு உற்சாகமாகத் தொடங்கிய பலர் சித்திரையில் செடிகளை இழந்து, அடுத்த முறை ஆடிக்குக் காத்திருக்கப் பழகினார்கள்.

அந்தக் காத்திருப்பையும் விதை இப்போது தளர்த்திவிட்டது. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கி 1906இல் கோயம்புத்தூருக்கு மாறிய வேளாண் பள்ளியின் வழிவந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை ரகங்கள், பகலின் நீளத்தைப் பாராமல் ஆண்டு முழுவதும் பூக்கின்றன. பந்தலும் வேண்டாம், ஒரு பை போதும். பழைய பந்தல் அவரைக்கோ பத்தடி கொடி ஓட இடம் வேண்டும், ஆறு மாதம் பொறுமை வேண்டும் என்பதால் மாடிகளில் அது அரிது. மார்கழி வாசலுக்கு வேண்டிய பூசணிப்பூவை மாடவீதியில் கூடைக்காரரிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.